வளாகத்துப் பேய்

(நூற்றாண்டு விழா வாசிப்பு அரங்கில், பழைய மாணவியர் வாசிப்பு வட்டத்தின் சார்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நூற்றாண்டு விழாவில் பேய்க்கதை பற்றிப் பேசப்போகிறோம் என்று நாங்கள் அறிவித்தபோது ஏற்பாட்டுக் குழுவில் ஒன்றிரண்டு பேருக்கு அது பிடிக்கவில்லை. எவ்வளவோ நல்ல தலைப்பு இருக்கே, பெண்கல்வியைப் பற்றிப் பேசலாமே என்றார்கள். பெண்கல்வியைப் பற்றித்தான் பேசப்போகிறோம், பேய் வந்தால்தான் பிள்ளைகள் நித்திரை கொள்ளாமல் கேட்பார்கள் என்று சொல்லி அனுமதி வாங்கினோம். ஆகவே முன்வரிசைப் பிள்ளைகளே, எங்களைக் கைவிட்டுவிடாதீர்கள்.

பல்கலைக்கழகத்தைக் களமாக வைத்த திகில் நாவல் என்று இப்போது ஆங்கிலத்தில் ஒரு தனிப் பிரிவே வளர்ந்திருக்கிறது. 2019இல் லீ பார்டுகோ என்ற எழுத்தாளர் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தை வைத்து, அங்கே ஆவிகளைக் கண்ணால் காணும் ஒரு மாணவியின் கதையை 'ஒன்பதாவது வீடு' என்று பொருள்படும் தலைப்பில் எழுதினார். நன்றாக விற்றது. எமது வட்டத்திலுள்ள இளையவர்கள் அதை விரும்பி வாசித்தார்கள். மூத்தவர்களுக்கு அவ்வளவாக ஒட்டவில்லை. ஆனால் அந்த நாவலைப் பற்றி விவாதித்தபோதுதான், இந்த வகைக்கு முதல் விதை போட்டது யார் என்ற கேள்வி எழுந்தது. தேடிப் போனால் நாம் எல்லோரும் பெயர் கேட்ட ஒரு புத்தகத்தில் போய் நின்றோம். அதுதான் 'பிராங்கன்ஸ்ரைன்'.

பிராங்கன்ஸ்ரைன் என்றதும் கழுத்தில் ஆணி அடித்த, சதுர மண்டையோடு தள்ளாடி நடக்கும் ஒரு உருவம்தான் நினைவுக்கு வரும். அது 1931இல் வந்த திரைப்படம் எமது மூளையில் ஒட்டிவிட்ட படம். நாவலில் பிராங்கன்ஸ்ரைன் என்பது அந்த உருவத்தின் பெயரே இல்லை. அது விக்டர் பிராங்கன்ஸ்ரைன் என்ற மாணவனின் பெயர். அவன் ஜெர்மனியில் இங்கொல்ஸ்ராட் என்ற ஊரிலிருந்த பல்கலைக்கழகத்துக்குப் பதினேழு வயதில் படிக்கப் போகிறான். புறப்படுவதற்குச் சற்று முன் தாய் காய்ச்சலில் இறந்துவிடுகிறாள். அந்தத் துயரத்தோடு அங்கே போகிறவனுக்கு இரண்டு பேராசிரியர்கள் வாய்க்கிறார்கள். ஒருவர் அவன் இதுவரை வாசித்ததெல்லாம் குப்பை என்று முகத்தில் அடித்தாற்போலச் சொல்கிறார். மற்றவர் அன்பாகப் பேசி, நவீன விஞ்ஞானத்தால் முடியாதது இல்லை என்று நம்பவைக்கிறார். பல்கலைக்கழகம் போன யாருக்கும் இந்த இருவரையும் அடையாளம் தெரியும்.

அதற்குப் பிறகு அவன் தனி அறையில் அடைந்துகொள்கிறான். பிணவறையிலிருந்தும் இறைச்சிக் கொட்டிலிலிருந்தும் உறுப்புகளைச் சேர்க்கிறான். வெளியே அறுவடைக் காலம் வந்து போகிறது, அவன் காணவில்லை. வீட்டிலிருந்து கடிதம் வருகிறது, பதில் போடவில்லை. அந்த நாவலில் உண்மையில் பயம் தொடங்குவது இங்கேதான் என்பது எமது வட்டத்துத் தாய்மார்களின் ஒருமித்த கருத்து. பேய் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை, விடுதியில் இருக்கும் பிள்ளை மூன்று கிழமை வீட்டுக்குக் கதைக்காவிட்டால் அதுவே போதும்.

கார்த்திகை மாதத்து மழை இரவொன்றில் அந்த உருவம் கண் திறக்கிறது. அவன் என்ன செய்தான்? ஓடிவிட்டான். தான் ஆக்கியதைத் தன் அறையிலேயே விட்டுவிட்டு ஓடினான். திரைப்படத்தில் வருவதுபோல இடியும் மின்னலும் அந்த இடத்தில் இல்லை. ஜன்னலில் மழை, அணையப்போகும் மெழுகுதிரி, அவ்வளவுதான்.

இதை எழுதியது யார் என்பதற்கு இப்போது வருகிறோம். மேரி ஷெல்லி. எழுதத் தொடங்கும்போது வயது பதினெட்டு. இந்த மண்டபத்தில் உயர்தரப் பரீட்சைக்கு இருக்கும் பிள்ளைகளின் வயது.

மேரியின் தாயும் ஒரு மேரிதான், மேரி வோல்ஸ்ரன்கிராப்ட். பெண்ணுக்கு ஆணுக்குச் சமமான கல்வி வேண்டும் என்று 1792இலேயே புத்தகம் எழுதியவர். 1797 ஓகஸ்ட் 30இல் மகளைப் பெற்றார். நஞ்சுக்கொடி முழுதாக வெளியே வரவில்லை. வைத்தியர் கையால் எடுத்தார், காய்ச்சல் பற்றியது, பதினோராம் நாள் தாய் இறந்துவிட்டார். பிள்ளைப்பேற்றில் இறந்தவள் பேயாக அலைவாள் என்ற பயம் எமது ஊர்களில் எவ்வளவு பழையது என்று இங்கே இருக்கும் அம்மம்மாமாருக்குத் தெரியும். பிள்ளைப் பெற்ற வீட்டு வாசலில் வேப்பிலையும் இரும்பும் வைத்தவர்கள் நாம். ஆனால் அந்த மகள் வளர்ந்து, தாயின் கல்லறையடியில் போய் உட்கார்ந்து புத்தகம் வாசித்தாள். அந்தக் கல்லில் பொறித்த எழுத்தைத் தடவித்தான் எழுத்துப் படித்தாள் என்றும் சொல்வார்கள். இறந்த தாய் அவளுக்குப் பயமாக இருக்கவில்லை. முதல் வகுப்பறையாக இருந்தார்.

தகப்பன் பெரிய சிந்தனையாளர், வீட்டில் நல்ல நூல்நிலையம் இருந்தது. வீட்டுக்கு வந்த கவிஞர் கோல்ரிட்ஜ் தன் கவிதையை வாசித்தபோது சிறுமி மேரி ஒளிந்திருந்து கேட்டாள் என்று ஒரு கதை உண்டு. ஆனால் பல்கலைக்கழகம்? அந்தக் காலத்து இங்கிலாந்தில் பெண்ணுக்கு அந்தக் கதவு கிடையாது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் பெண்களுக்கு முழுமையான பட்டம் கொடுத்தது 1948இல்தான். இலங்கைப் பல்கலைக்கழகம் 1942இல் தொடங்கியபோதே பெண்களும் பட்டத்துக்குப் படித்தார்கள். அந்த ஆறு வருடத்தை எங்காவது ஒரு இடத்தில் நாம் பெருமையாகச் சொல்லிக்கொள்ள வேண்டும், இங்கேயே சொல்லிவிடுகிறோம்.

1815 ஏப்ரலில் இந்தோனேசியாவில் தம்போரா எரிமலை வெடித்தது. அதன் சாம்பல் வானத்தை மூடியதால் அடுத்த வருடம் ஐரோப்பாவில் கோடையே வரவில்லை. 1816இல் ஜெனீவா ஏரிக்கரையில் மேரியும் ஷெல்லியும் கவிஞர் பைரனும் வெளியே போகமுடியாமல் வீட்டுக்குள் அடைபட்டிருந்தார்கள். ஆளுக்கொரு பேய்க்கதை எழுதுவோம் என்றார் பைரன். பெரிய கவிஞர்கள் இருவரும் தொடங்கிவிட்டுப் போட்டுவிட்டார்கள். பதினெட்டு வயதுப் பெண் எழுதி முடித்தாள். முடித்தபோது வயது பத்தொன்பது.

அதற்கு முந்தின வருடம் அவளுக்கு மாதம் நிரம்பாமல் ஒரு பெண்குழந்தை பிறந்து சில நாட்களில் இறந்திருந்தது. அந்தக் குழந்தை குளிரில் விறைத்துத்தான் போயிருந்தது, நெருப்பருகே வைத்துத் தேய்க்க உயிர் வந்துவிட்டது என்று கனவு கண்டதாகத் தன் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறாள். இறந்த உடலுக்கு உயிர் கொடுக்கும் நாவலின் வேரை ஆய்வாளர்கள் பலர் விஞ்ஞானத்தில் தேடினார்கள். தூக்கிலிடப்பட்ட ஒருவனின் உடலில் மின்சாரம் பாய்ச்சி அசைத்துக் காட்டிய இத்தாலியர் அல்டினியின் 1803ஆம் ஆண்டுப் பரிசோதனையைச் சொல்வார்கள். அதுவும் உண்மைதான். ஆனால் எங்கள் வட்டத்தில் அந்தக் கனவைப் பற்றி வாசித்த அன்று, குழந்தையைப் பறிகொடுத்த ஒரு அக்கா, இதுக்கு மேலே ஒரு காரணம் தேவையா என்று மட்டும் கேட்டார். பிறகு விவாதம் நடக்கவில்லை.

1818 ஜனவரியில் நாவல் வெளிவந்தது. ஐந்நூறு பிரதிகள். எழுதியவர் பெயர் இல்லை. கணவர் ஷெல்லிதான் எழுதினார் என்று பலர் நினைத்தார்கள். வோல்ட்டர் ஸ்கொட் போன்ற பெரியவரே அப்படித்தான் எண்ணி மதிப்புரை எழுதினார்.

நாவலுக்குள் இரண்டு இடங்களை மட்டும் எடுத்துக்காட்ட விரும்புகிறோம். ஒன்று, அந்தப் படைப்பு எப்படிக் கல்வி கற்றது என்பது. எல்லோராலும் விரட்டப்பட்டு ஒரு குடிசையோடு ஒட்டிய கொட்டிலில் ஒளிந்திருக்கிறது. பலகை இடுக்கு வழியாக உள்ளே பார்க்கிறது. அங்கே வேற்றுநாட்டுப் பெண் ஒருத்திக்கு மொழி சொல்லிக் கொடுக்கிறார்கள். அவளுக்குச் சொல்லிக் கொடுப்பதை இது இடுக்குக்கு வெளியிலிருந்து கேட்டுப் படிக்கிறது. பிறகு வழியில் கிடந்த பையிலிருந்து மில்டனை எடுத்து வாசிக்கிறது. படைத்தவன் பல்கலைக்கழகத்தில் படித்தவன், படைக்கப்பட்டது சுவருக்கு வெளியே நின்று படித்தது. மேரியின் கல்வியும் சுவருக்கு வெளியே நின்ற கல்விதானே. அந்த நாவலில் அவள் தன்னை வைத்த இடம் விக்டரின் மேசை இல்லை, அந்த இடுக்கு என்பது எமது வாசிப்பு. கிளைமோர்ச் சத்தத்துக்கும் கிபிருக்கும் நடுவே மரத்தடியில் இருந்து படித்த வகுப்புகள் இந்த மண்டபத்தில் இருக்கின்றன. அவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

மற்றது ஜஸ்ரினின் கதை. விக்டரின் தம்பியை அந்த உருவம் கொல்கிறது. பழி வீட்டு வேலைக்காரப் பெண் ஜஸ்ரின்மேல் விழுகிறது. உண்மை தெரிந்த ஒரே மனிதன் விக்டர். சொன்னால் பைத்தியம் என்பார்கள் என்று வாய் திறக்கவில்லை. அவளைத் தூக்கிலிடுகிறார்கள். படித்தவனின் மௌனத்துக்கு வேலைக்காரியின் கழுத்து. திரைப்படங்கள் இந்தப் பெண்ணைப் பெரும்பாலும் விட்டுவிடுகின்றன. எங்களுக்கு நாவலில் மிகப் பயங்கரமான அத்தியாயம் அதுதான்.

இதற்குப் பின்னால் வந்த எம். ஆர். ஜேம்ஸ் என்பவரைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கேம்பிரிட்ஜில் கிங்ஸ் கல்லூரியின் தலைவராக இருந்தவர். நத்தார்க் காலத்தில் நண்பர்களுக்கு வாசித்துக் காட்டவென்று பேய்க்கதை எழுதினார், 1904இல் முதல் தொகுதி வந்தது. பழைய ஏட்டைத் திறக்கும் பேராசிரியருக்குப் பேய் வரும், அதுதான் எப்போதும் கதை. கெட்டிக்காரத்தனமான கதைகள்தான், ஆனால் அந்த அறைகளில் பெண் வாசனையே இல்லை.

அமெரிக்காவின் ஷேர்லி ஜாக்சனை விரிவாகச் சொல்லவேண்டும். 'ஹில் ஹவுஸ்' பேய் வீட்டை எழுதிப் புகழ் பெற்றவர். அதற்கு முன்னர் 1951இல் 'ஹாங்ஸமன்' என்று ஒரு நாவல் எழுதினார். பதினேழு வயதுப் பெண் ஒருத்தி பெண்கள் கல்லூரிக்குப் போகிறாள். அங்கே கொஞ்சம் கொஞ்சமாகத் தன்னைத் தொலைக்கிறாள். வெள்ளைத் துணி போர்த்திய பேய் எதுவும் வராது. ஒரு தோழி வருகிறாள், அவள் உண்மையில் இருக்கிறாளா என்பதே நமக்குச் சந்தேகமாகிவிடும். ஜாக்சனின் கணவர் பெனிங்டன் பெண்கள் கல்லூரியில் கற்பித்தவர், அவர்கள் அந்த ஊரிலேயே வாழ்ந்தார்கள். 1946 டிசம்பரில் அந்தக் கல்லூரியின் மாணவி ஒருத்தி மலைப்பாதையில் நடக்கப் போனாள், திரும்பி வரவில்லை, உடலும் கிடைக்கவில்லை. அந்த நாவலை வாசிக்கும் எவரும் அந்தச் சம்பவத்தை நினைக்காமல் இருக்கமாட்டார்கள். தேடுதல் ஒழுங்காக நடக்கவில்லை என்று எழுந்த கொதிப்பில், அடுத்த வருடமே வெர்மொன்ட் மாநிலத்துக்கென்று தனிப் பொலிஸ் படை அமைக்கப்பட்டது. ஒரு மாணவி காணாமல் போனதற்கு ஒரு மாநிலம் அவ்வளவு செய்தது. எமது கிளிநொச்சியில் கந்தசுவாமி கோயிலுக்கு முன்னால் 2017 பெப்ரவரி 20இல் தாய்மார் உட்கார்ந்தார்கள். நாலு நாளில் வவுனியாவிலும் உட்கார்ந்தார்கள். அந்தத் தாய்மாரில் பலர் பிள்ளையைக் காணாமலே கண்ணை மூடிவிட்டார்கள்.

இனித் தமிழுக்கு வருவோம். தமிழில் நல்ல பேய்க்கதைக்குக் குறைவில்லை. புதுமைப்பித்தனின் 'காஞ்சனை'யை எமது பாடசாலை நூலகத்திலேயே வாசித்தோம். நித்திரை வராத எழுத்தாளர், வீட்டுக்குள் வந்து சேரும் பிச்சைக்காரப் பெண், ஒரு வாசனை. கடைசிவரை பேய்தானா என்று அவர் சொல்லமாட்டார். சுஜாதாவின் 'கொலையுதிர் கால'த்தில் பேயும் விஞ்ஞானமும் கயிறு இழுத்துக்கொண்டே இருக்கும். எமது வன்னி மண்ணை எழுதியவர்களும் இருக்கிறார்கள். பாலமனோகரனின் 'நிலக்கிளி' தண்ணிமுறிப்புக் காட்டையும் அங்கே வாழ்ந்த மனிதரையும் காட்டியது. தாமரைச்செல்வி அக்கா பரந்தன் வயலையும் இடப்பெயர்வையும் எழுதினார். அவர்கள் காட்டிய காட்டில் பயம் உண்டு, யானை உண்டு, மலேரியா உண்டு, தனிமை உண்டு.

தமிழ்ப் பேய் வழக்கமாகக் குடியிருக்கும் இடம் புளியமரம், பாழடைந்த கிணறு, சுடலை, பழைய வீடு. பல்கலைக்கழகத்துக்கு அது குடிபெயர்ந்தது விடுதி வழியாகத்தான். எந்த விடுதிக்குப் போனாலும் பூட்டிய அறை ஒன்று இருக்கும். இரவு இரண்டு மணிக்குக் கதவு தட்டும் சத்தம் கேட்கும். புதிதாக வந்த பிள்ளைக்கு முதல் கிழமையே அக்காமார் இதைச் சொல்லிவிடுவார்கள். கவனித்துப் பாருங்கள், ஆண்கள் விடுதியில் பேய் அரிது. பெண்கள் விடுதியில் ஆறு மணிக்குப் பின் பேய் கடமைக்கு வந்துவிடுகிறது. பேயும் பெண்தான், பயப்படவேண்டியவளும் பெண்தான். விடுதிப் பொறுப்பாளருக்குச் சம்பளமில்லாத காவலாளி ஒன்று கிடைத்த மாதிரி.

அந்த அக்காமார் சொல்லாத இன்னொரு பயமும் இருக்கிறது. அதற்குத் தமிழில் நாம் வைத்திருக்கும் பெயரைக் கொஞ்சம் நின்று பாருங்கள்: பகிடிவதை. பகிடியும் வதையும் ஒரே சொல்லில். பேராதனையில் 1975இல் ஒரு மாணவி பகிடிவதைக்குப் பயந்து விடுதி மாடியிலிருந்து குதித்து நடக்கமுடியாதவரானார். அதே பல்கலைக்கழகத்தில் 1997இல் பொறியியல் பீடத்துக்கு வந்த தமிழ் மாணவன் ஒருவன், செய்யவைத்த கடும் உடற்பயிற்சியால் சிறுநீரகம் செயலிழந்து இறந்தான். அதற்கு அடுத்த வருடம்தான் பகிடிவதையைத் தடைசெய்யும் 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் வந்தது. தமிழ்நாட்டிலும் அப்படித்தான். சிதம்பரத்தில் 1996இல் முதலாண்டு மருத்துவ மாணவன் ஒருவனை மூத்த மாணவன் கொன்ற பிறகு, 1997இல் சட்டம் வந்தது. சட்டம் எப்போதும் ஒரு பிணத்துக்குப் பின்னால்தான் நடந்து வருகிறது.

எங்களில் பல்கலைக்கழகம் போனவர்கள் சிலர் இந்த உரைக்காக ஒரு மாலை கூடிக் கதைத்தோம். எந்தப் பல்கலைக்கழகம் என்று இங்கே சொல்லப்போவதில்லை. ஒருத்தியை இரவில் முழங்காலில் நிற்கவைத்தார்கள். ஒருத்தியை மாவட்ட ஒதுக்கீட்டில் வந்தவள் என்று நாலு வருடமும் பெயருக்குப் பதிலாகக் கூப்பிட்டார்கள். இதில் கவனிக்கவேண்டியது என்னவென்றால், முதல் வருடம் அழுதவர்களில் சிலர் இரண்டாம் வருடம் அதே இடத்தில் நின்று மற்றவரை அழவைத்தார்கள். மேரி ஷெல்லி சொன்னது இதைத்தான் என்று அன்று எங்களுக்குப் பட்டது. அவளுடைய உருவம் கெட்டதாகப் பிறக்கவில்லை. விறகு வெட்டிக் குடிசை வாசலில் இரகசியமாக வைத்து உதவி செய்தது. மனிதரைக் கண்டால் நெருங்கி வந்தது. அடிக்க அடிக்கத்தான் அடிக்கக் கற்றது. ஒவ்வொரு அணியும் அடுத்த அணியைத் தன் கையாலேயே செய்கிறது, செய்துவிட்டு நாங்கள் செய்யவில்லை என்று விக்டரைப் போல ஓடிவிடுகிறது.

எமது மண்ணிலேயே இப்போது பல்கலைக்கழகம் இருக்கிறது. 1991இல் இணைந்த பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி, 1997இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வவுனியா வளாகமாகி, 2021 ஓகஸ்ட் 1 முதல் வவுனியாப் பல்கலைக்கழகம் என்று தனியாக நிற்கிறது. பம்பைமடுவில் இருக்கிறது. கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் இருக்கிறது. கிளிநொச்சியில் தொடங்கி யுத்தத்தோடு யாழ்ப்பாணத்துக்கு இடம்பெயர்ந்த விவசாய பீடமும் திரும்பி வந்து அங்கேயே இருக்கிறது. பீடமே இடம்பெயர்ந்து மீள்குடியேறிய நாடு இது. எமது பிள்ளைகள் இன்று அங்கே மடிக்கணினியோடு போய் வருவதைக் காண மனம் நிறைகிறது.

இந்த வளாகங்களை வைத்து யாராவது ஒரு திகில் நாவல் எழுதப்போனால் என்ன எழுதுவார்கள் என்று நாங்கள் கேட்டுப் பார்த்தோம். எழுதப்போகிறவர் முதலில் தெரிந்துகொள்ளவேண்டியது, இந்தக் கட்டடங்களுக்கு வயது குறைவு, நிலத்துக்கு வயது கூட என்பது. 2009 ஜனவரி 2இல் கிளிநொச்சி நகரம் படையினரிடம் போனபோது அங்கே மனிதர் இல்லை, சரிந்து கிடந்த தண்ணீர்த் தாங்கி மட்டும் இருந்தது. எல்லோரும் கிழக்கே போய்க்கொண்டிருந்தார்கள். எங்கே போய் முடிந்தது என்பதை இந்தச் சபையில் சொல்லத் தேவையில்லை. மே மாதத்துக்குப் பின் மிஞ்சியவர்கள் செட்டிகுளம் முகாம்களுக்குப் போனார்கள். சரணடைந்த பெண்களில் பலரை வைத்தது எங்கே? பம்பைமடுவில், பல்கலைக்கழக விடுதிக் கட்டடங்களில். புனர்வாழ்வு நிலையம் என்று பெயர். மாணவிகளுக்காகக் கட்டிய அறைகளில், மாணவியாக இருந்திருக்கவேண்டிய வயதுப் பெண்கள் அடைபட்டு இருந்தார்கள். கம்பிக்கு வெளியே தாய்மார் பொதியோடு நின்றார்கள்.

அவர்களில் எமது பாடசாலையில் படித்தவர்களும் இருந்தார்கள். இந்த மண்டபத்திலும் இருக்கக்கூடும். யார் என்று நாங்கள் கேட்கவில்லை, நீங்களும் திரும்பிப் பார்க்கவேண்டாம்.

ஆகவே அந்த இடத்தை வைத்து எழுதுவோருக்கு எமது வட்டத்தின் வேண்டுகோள் ஒன்று உண்டு. அந்தப் பெண்களைப் பேயாக்காதீர்கள். அவர்கள் உயிரோடு இருக்கிறார்கள். தையல் தைக்கிறார்கள், தோட்டம் செய்கிறார்கள், பிள்ளைகளை எமது பாடசாலைக்கே அனுப்புகிறார்கள். ஊருக்குள் வந்த நாளில் அவர்களின் கட்டையாக வெட்டிய கூந்தலைப் பார்த்துச் சனம் விலகி நடந்ததே, அதை எழுதுங்கள். கதவைச் சாத்திய வீடுகளை எழுதுங்கள். அந்த வீடுகளில் எங்களுடைய வீடும் இருந்தால் அதையும் எழுதுங்கள். மேரி ஷெல்லியின் நாவலில் அந்த உருவத்தோடு அன்பாகப் பேசிய ஒரே மனிதர் கண் தெரியாத கிழவர் என்பதையும் மறக்கவேண்டாம்.

பேயே வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. அப்படிச் சொன்னால் பிள்ளைகளின் ஆதரவை இழந்துவிடுவோம். எமது வட்டத்தில் இதைக் கதைத்துக்கொண்டிருந்தபோது, அந்த விடுதியில் ஒரு பேய் வந்தே ஆகவேண்டும் என்றால் அது என்ன கேட்கும் என்று ஒருவர் கேட்டார். பழிவாங்கும் என்றார் ஒருவர். சோறு கேட்கும் என்றார் இன்னொருவர், இறுதி நாட்களின் கஞ்சியை நினைத்திருப்பார். எல்லோரிலும் இளையவர், இப்போது ஆசிரியையாக இருப்பவர், கொஞ்சம் பொறுத்துச் சொன்னார். அது எங்கட வகுப்புப் பிள்ளையாகத்தான் இருக்கும், உயர்தரச் சோதனைக்கு இருக்கமுடியாமல் போன பிள்ளை. இரவு இரண்டு மணிக்குக் கதவைத் தட்டி, "அக்கா, உங்கட நோட்ஸை ஒருக்காத் தாறீங்களா, விடியிறதுக்குள்ள திருப்பித் தந்திடுறன்" என்று கேட்கும்.

அந்த வகுப்பில் எத்தனை பேர் இருந்தார்கள், எத்தனை பேர் திரும்பினார்கள் என்று வரவுப் பதிவேட்டைப் பார்க்கலாம் என்றால், அந்த வருடங்களின் பதிவேடும் எமது பாடசாலையில் இல்லை. இடம்பெயர்வில் போய்விட்டது. நூற்றாண்டு மலருக்காக அந்த வகுப்புகளின் பெயர்ப்பட்டியலை நினைவிலிருந்து எழுதத் தொடங்கியிருக்கிறோம். வெளிநாடுகளில் இருக்கும் அக்காமாரே, தங்கைமாரே, 2006 முதல் 2009 வரை உங்களோடு ஒரே வாங்கில் இருந்தவர்களின் பெயரை எழுதி அனுப்புங்கள். முதலெழுத்துத் தெரியாவிட்டால் பரவாயில்லை. யாருக்குப் பக்கத்தில் இருந்தாள் என்று எழுதினால் கண்டுபிடித்துவிடுவோம்.

'பிராங்கன்ஸ்ரைன்' ஆங்கிலப் பிரதி இரண்டும் 'காஞ்சனை' ஒன்றும் எமது வட்டத்தின் அன்பளிப்பாக இன்று நூலகத்துக்குக் கொடுக்கிறோம். உயர்தரப் பிள்ளைகள் கார்டு எழுதி எடுத்துப் போகலாம். இரவில் வாசிப்பதும் பகலில் வாசிப்பதும் உங்கள் விருப்பம்.